சோளகம் வீசும் மாதங்களில் முற்றம்

பனி விழும் நாடுகளில் வீட்டுத்தோட்டம் பற்றி எழுதுபவர்கள் குளிர்காலத்துக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் வைப்பார்கள். இலை உதிர்ந்து, புல் பழுத்து, பூ ஒன்றும் இல்லாத மாதங்களில் வளவைப் பார்க்கும்படி வைத்திருப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய கவலை. புத்தளம் கரையில் மார்கழியும் தையும் அப்படியான மாதங்கள் அல்ல. மழை பெய்து ஓய்ந்திருக்கும்; வாடை மெல்ல அடிக்கும்; வேலியடிகூடப் பச்சை பிடித்திருக்கும். அந்த நேரத்தில் வளவை அழகாக வைத்திருக்க யாரும் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை.

இங்கே வளவு உறங்குவது சோளகத்தில். வைகாசிக் கடைசியில் தென்மேற்கிலிருந்து கிளம்பும் காற்று புரட்டாசி வரை விடாது. அதே தென்மேற்குப் பருவம் கொழும்புக்கும் காலிக்கும் மழையைக் கொட்டுகிறது. சிலாபம் தாண்டி வடக்கே வர வர மேகம் தலைக்கு மேலால் ஓடிப்போகிறது, நமக்குக் காற்று மட்டும் மிஞ்சுகிறது. கற்பிட்டிப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்றால் அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே விழுந்துவிடும். சித்திரையில் ஒரு சிறுமழை. பிறகு ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் வெயிலும் உப்பும் மணலும்தான்.

ஊரில் சனம் கூடுவதும் இந்த மாதங்களில்தான். தலவில புனித அன்னம்மாள் திருவிழா ஓகஸ்டில். உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பும் முன்னேஸ்வரத்துப் பெருந்திருவிழாவும் ஆடி ஆவணியை ஒட்டி வரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். கண்டக்குழியிலும் ஆலங்குடாவிலும் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்களுக்கோ காற்றே பிழைப்பு. பட்டமேறிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் இந்தக் காற்றைத் தேடித்தான் வருகிறார்கள். ஆக, வளவு ஆகக் கெட்டிருக்கும் நேரமும் ஆகக் கூடுதலான கண்கள் அதில் படும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதற்குப் பலர் கையாளும் வழி, காசு கொடுத்துப் பூச்சாடி வாங்கி வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்துவிடுவது. நான் சொல்லும் வழி வேறு. சோளகத்து வளவைப் பூவை நம்பி அமைக்காதீர்கள். வேலி, மணல், மரத்தின் அடி, நிழல், சுவர் இந்த ஐந்தையும் முதலில் ஒழுங்குபடுத்துங்கள்; அவற்றுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை, கருகிப்போவதும் இல்லை. பூவை, கையிலிருக்கும் தண்ணீருக்கு அளவாக, கண் படும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

காற்றும் வேலியும்

ஆடி மாதம் ஒரு செவ்வரத்தைச் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கடலைப் பார்த்த பாதியில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து கபில நிறமாகச் சுருண்டிருக்கும். வீட்டைப் பார்த்த பாதி பச்சையாக நிற்கும். ஒரே செடி, ஒரே வேர், ஒரே தண்ணீர். கருகிய இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுகிறோம்; உண்மையில் அந்தச் செடி கேட்பது மறைப்பு.

மறைப்பு என்றதும் எல்லாரும் மதில் கட்டப் போகிறார்கள். காற்றைத் தடுப்பதில் மதில் கெட்டிக்காரன் அல்ல. அடைத்துக் கட்டிய சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழுகிறது. மதிலுக்குப் பின்னால் நாலைந்து அடி அமைதியாக இருக்கும். அதற்கப்பால் சுழல் விழும் இடத்தில் நட்ட செடி வெட்டவெளியில் நட்டதைவிட மோசமாக அலைக்கழியும். பாதி மறைத்துப் பாதி விடும் வேலியே காற்றை வடிகட்டி மெதுவாக்கி அனுப்புகிறது. அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். 6 அடி வேலிக்கு 60 அடி. அதிலும் ஆகச் சிறந்த மறைப்பு வேலியிலிருந்து 20 முதல் 30 அடிக்குள் கிடைக்கும். உங்கள் நல்ல செடிகளை அந்த இடத்தில் வையுங்கள்.

கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றன. புதிதாக அடைத்த கிடுகு முதல் மாதங்களில் பொன்னிறமாக இருந்து, வெயில் பட்டுச் சாம்பல் நிறத்துக்கு வரும். வெள்ளை மணலுக்குப் பின்னால் அந்தச் சாம்பல் நிறம் கொடுக்கும் அழகை எந்தப் பூச்சு மதிலும் கொடுக்காது என்பது என் கருத்து. விடுதிக்காரர்கள் இப்போது அதைக் காசு கொடுத்துத் தேடுகிறார்கள். சொந்தக்காரர்கள் நாங்கள் அதை வறுமையின் அடையாளம் என்று பிடுங்கி எறிந்து தகரம் அடிக்கிறோம். தகரம் மதிலின் குற்றம் எல்லாவற்றையும் கொண்டிருப்பதோடு, இரவு முழுவதும் கடகடவென்று அடித்துத் தூக்கத்தையும் கெடுக்கும்.

மதில் ஏற்கெனவே நிற்கிறது என்றால் இடிக்கச் சொல்ல மாட்டேன். உயர்த்த நினைத்தால் மேல் இரண்டு வரியையும் துளையுள்ள சீமெந்துக் கல்லால் கட்டுங்கள். அல்லது மதிலுக்கு உட்புறம் ஆறேழு அடி தள்ளி ஒரு வரி கதியால் ஊன்றுங்கள். பூவரசும் கிளிசரியாவும் இதற்கு ஏற்றவை. மழை தொடங்கும்போது கைத்தடிப் பருமனில் வெட்டி ஊன்றினால் தானாக வேர் விடும். கடலோரத்துக்குப் பூவரசே மேல். உப்புக்கு அஞ்சாது. காலையில் மஞ்சளாக விரியும் பூ மாலைக்குள் செம்மை ஏறி வாடும். ஒரே மரத்தில் இரு நிறமும் தொங்கும். கிளிசரியா உட்பக்கத்து வளவுகளுக்கு நல்லது. வெட்டிப் போட்டால் தழைப்பசளை, ஆட்டுக்கும் தீனி.

மீன்பிடி வீடுகளில் கிழிந்த வலை எப்போதும் கிடக்கும். கண் நெருக்கமான வலையை இரண்டு மடிப்பாக வேலியில் இழுத்துக் கட்டினால் நல்ல காற்றுத் தடுப்பு. கண் பெரிய வலை வேண்டாம். அதில் சாரைப்பாம்பும் உடும்பும் குருவியும் சிக்கிச் செத்துக் கிடக்கும். மேலைக்கடல் கொந்தளிப்பதால் சோளகத்தில் பல வீடுகளில் ஆம்பிளைகள் கீழைக்கரைக்கு வாடி போட்டுப் போய்விடுவார்கள். அதனால் வேலி அடைப்பைக் காற்று கிளம்பும் வரை தள்ளிப் போடாமல் சித்திரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காற்றுக்குள் கிடுகு பிடிக்க நாலு கை தேவைப்படும்.

மணல் முற்றம்

புற்தரை போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. இந்த வெயிலிலும் காற்றிலும் புல் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் குடிக்கும். 2 பேர்ச் புற்தரை என்பது ஏறத்தாழ 50 சதுர மீற்றர். அதற்கு நாளொன்றுக்கு 250 லீற்றர். நாலு மாதத்துக்கு 30,000 லீற்றர். மணலில் ஊற்றியதில் ஒரு பங்கு வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிவிடும் என்பதால் உண்மைச் செலவு இதற்கு மேல். இவ்வளவும் செய்து ஆவணியில் கிடைப்பது திட்டுத் திட்டாகப் பழுத்த ஒரு பாய்.

மணல் முற்றமே நம் ஊருக்கு உரிய தரை. அதைக் கூட்டும் விதத்தில்தான் அழகு. காற்று காலையில் தணிந்திருந்து பத்து மணிக்குப் பின் வலுக்கும். ஆகவே சூரியன் ஏறுமுன் கூட்டிவிட வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈர்க்கு விளக்குமாற்றைக் கை நீட்டிப் பிடித்து, வீட்டு வாசலிலிருந்து படலை நோக்கிப் பின்னுக்கு நடந்தபடி பிறைபிறையாக இழுக்க வேண்டும். ஒரு பிறையின் ஓரம் அடுத்த பிறைக்குள் விழும். கால்தடம் ஒன்றும் படாமல் படலையில் வந்து நின்று பார்த்தால், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு ஈர்க்கின் கோடும் நிழலோடு தெரியும். இதற்கு மேல் முன்முற்றத்துக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் வளவு முழுவதையும் இப்படிக் கூட்டக் கூடாது. கூட்டுகிற இடம், மூடிக் கிடக்கும் இடம் என்று இரண்டாகப் பிரியுங்கள். முன்முற்றமும் நடைபாதையும் கிணற்றடியும் கூட்டுகிற இடம். மரத்தடியும் வேலியடியும் சருகு போர்த்திக் கிடக்கட்டும். கூட்டிச் சேர்த்த சருகை எரிக்காமல் அங்கே தள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் தெளிவாக இருந்தால், சருகு கிடப்பது குப்பையாகத் தெரியாது, வேண்டுமென்று செய்ததாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குப் பழைய தென்னங்குற்றியைப் பாதி புதைத்து வைக்கலாம், மட்டிச் சிப்பியை அடுக்கலாம். முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

கடலை ஒட்டிய வளவுக்காரர்களுக்கு இன்னொன்று. வீட்டுக்கு முன்னால் மணல்மேடு இருந்தால், கடல் தெரியவில்லை என்று அதைத் தட்டையாக்காதீர்கள். சோளகத்தில் வீட்டுக்கு வரும் மணலில் பாதியை அதுதான் பிடித்து வைக்கிறது. அதன்மேல் படரும் அடம்பன்கொடியும் இராவணன் மீசையும் யாரும் நடாமலே வந்தவை. அடம்பன் கடுங்கோடையிலும் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும். வேறு எந்தப் பூவும் நிற்காத இடத்தில் கேட்காமல் கிடைக்கும் பூ அது. படர்ந்தது வீட்டுப் பக்கம் ஏறினால் நுனியை மட்டும் வெட்டுங்கள். சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான நிலம் 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அங்கே கட்டடம், மதில், மணல் நிரப்பல் எதுவானாலும் அனுமதி கேட்டுவிட்டே கைவையுங்கள்.

இலை போனால் தெரிவது

மரத்தை நடும்போது பூவுக்கோ பழத்துக்கோ நடுகிறோம். சோளகத்துக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இலை இல்லாமல் அது எப்படி நிற்கும் என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விக்கு முதல் விடை ஈழத்தலரி. தடித்த சாம்பல் நிறக் கொம்புகள், கிளைக்கு இரண்டாக மூன்றாக வளைந்து பிரியும். வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கொம்பின் நுனியில் பூக்கும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், மூன்று நாலு அடி தள்ளி நடுங்கள். பிற்பகல் வெயிலில் கொம்பின் நிழல் சுவரில் விழும். மரம் ஒன்று, நிழல் ஒன்று என்று இரண்டு மரம் கிடைக்கும். கொம்பு வெட்டியதும் உடனே ஊன்றினால் அழுகும். ஒரு கிழமை நிழலில் போட்டுப் பால் காய்ந்த பிறகு ஊன்ற வேண்டும்.

வேம்பு எதிர்ப்பக்கம். பங்குனியில் தளிர்த்து, சோளகம் முழுவதும் பச்சையாக நிற்கும். வளவில் ஒரு வேம்பு இருந்தாலே கோடை பாதி குறையும். அதன் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் வரை கழித்துவிட்டால் அடிமரத்தின் வெடிப்பும் நிறமும் தெரியும், கீழே ஒரு வாங்கு போட இடமும் கிடைக்கும். நாட்டு வாதுமை கடலோரத்துக்குத் தாங்கும். தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்கும். இலை விழுமுன் இரத்தச் சிவப்பாகும். வெள்ளை மணலில் அந்தச் சிவந்த இலை விழுந்து கிடப்பதை உடனே கூட்டிவிடாதீர்கள். கொன்றை உட்பக்கத்து வளவுகளுக்கு, மதுரங்குளி, முந்தல் பக்கம். கடலை நேரே பார்க்கும் வளவில் அது தேறாது. சவுக்கை மட்டும் நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். விரைவில் வளரும், உப்பைத் தாங்கும், எல்லாம் சரி. அடியில் விழும் ஊசிச் சருகு மெத்தையில் வேறெதுவும் முளைக்காது. பெரிய வளவானால் கடல் எல்லையில் ஒரு வரி போடலாம்.

பனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருந்தால் வெட்டாதீர்கள். நட்டால் பேரப்பிள்ளைக்கு.

தென்னையைக் கவனிக்க வேண்டும். காய்ந்த மட்டையும் பன்னாடையும் தொங்கும் தென்னை சோளகத்தில் ஆபத்தும் அவலட்சணமும். வைகாசிக்குள் ஏறித் துப்புரவாக்குங்கள். அடிமரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டை அடிப்பது இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிரதேச சபைக் காரியாலயத்து வளவு மாதிரி இருக்க வேண்டும் என்றால் அடியுங்கள். தென்னையின் வளையம் வளையமான தழும்பு அதுவாகவே அழகு. அதில் ஆணி அடித்துச் சாடி தொங்கவிடவும் வேண்டாம். அடித்த காயம் தென்னைக்கு ஆறாது.

லுணுவிலையில் 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தேங்காய் மட்டையைக் கொண்டு மண்ணில் ஈரம் காப்பதை அவர்கள் நீண்டகாலமாகச் சொல்லி வருகிறார்கள். மட்டையைக் குழியில் புதைக்கும்போது வாய் மேலே பார்க்க அடுக்கி, வரிக்கு வரி மண் போட வேண்டும். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். தரைக்கு மேல் தென்னையைச் சுற்றிப் பரப்பும்போது கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்து கிடந்தால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். ஆறடி ஆரத்துக்கு வட்டமாகக் கவிழ்த்து அடுக்கிய மட்டை, ஓடு வேய்ந்த வட்டம்போல் ஒழுங்காகத் தெரியும். சோளகத்து வளவில் பயனும் அழகும் இவ்வளவு மலிவாகச் சேர்ந்து கிடைக்கும் வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

பூ எங்கே, எவ்வளவு

வளவெங்கும் பத்துச் சாடியைப் பரப்பினால் பத்தும் ஏழையாகத் தெரியும். படலையடி, விறாந்தைப் படி, கிணற்றடி என்ற மூன்று இடத்தில் மட்டும் பூவைக் குவியுங்கள். வருகிறவர் முதலில் பார்ப்பது படலை, அதிகநேரம் இருந்து பார்ப்பது விறாந்தையிலிருந்து. கிணற்றடியிலோ தண்ணீர் எப்படியும் சிந்துகிறது.

படலைக்குப் போகன்வில்லா. இதற்குத் தண்ணீர் கூடினால் இலைதான் வரும். கொஞ்சம் தவித்தால்தான் நிறம் காட்டும். சித்திரை மழை முடியும்போது நீண்ட கொம்புகளை நன்றாகக் கழித்துவிடுங்கள். புதுக்கொம்பு வந்து ஆனிக் கடைசி, ஆடி என்று திருவிழா நேரத்துக்கு நிறம் பிடிக்கும். பிறகு தண்ணீரை அளந்து விடுங்கள். அலரியும் இந்தக் காற்றுக்குச் சளைக்காது, வெள்ளையும் சிவப்பும் ரோசும் மாறிப் பூக்கும். ஆனால் இலையும் பூவும் கொம்பும் எல்லாம் நஞ்சு. ஆடு மாடு எட்டும் இடத்திலும் சின்னப்பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்கக் கூடாது. வெட்டிய கொம்பைத் தீனிக் கட்டோடு கலந்துவிடவும் கூடாது.

தரையில் பட்டிப்பூ. சாகடிக்க முயன்றாலும் சாகாது. விதை விழுந்து தானே முளைக்கும். நெருங்கி முளைத்ததைப் பிடுங்கி ஒரே நிறமாகச் சேர்த்து நட்டால் வீதியோரச் செடி வீட்டுச் செடி ஆகிவிடும். வாடாமல்லியும் அப்படியே, காய்ந்த பிறகும் நிறம் போகாத பூ இந்தப் பருவத்துக்கென்றே செய்தது. பத்துமணிப் பூ மணலில் நன்றாகப் படரும், தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். விறாந்தைப் படியில் பாலைவன ரோஜாவும் கற்றாழையும் போதும்.

செவ்வரத்தை, எக்ஸோரா, மல்லிகை மூன்றையும் கிணற்றடியைச் சுற்றி, வேலி மறைப்புக்குள் வையுங்கள். எக்ஸோராவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பலர் யூரியா போடுகிறார்கள். அது உரப்பசி அல்ல. நம் கிணற்றுநீரிலும் மண்ணிலும் சுண்ணாம்பு மிகுதி, அதனால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைப்பதில்லை. மக்கிய எருவும் சருகும் நிறையப் போட்டு மூடினால் மெல்லச் சீராகும். கடலோரத்துச் செடிகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை விடியற்காலையில் இலைமேல் நல்ல தண்ணீர் தெளித்து உப்பைக் கழுவிவிடுங்கள். வேருக்கு ஊற்றும் ஒரு வாளியைவிட அது கூடுதல் பயன் தரும்.

சாடி என்றால் மண்சாடி. சிறிய சாடியைப் பெரிய சாடிக்குள் இறக்கி, இடையில் நனைத்த தும்புத்தூளை அடைத்தால் வேர் வேகாது. புதுத் தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் பாவியுங்கள். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். பழைய டயரை வெட்டி அன்னம் செய்து நிறம் தீட்டி வைப்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை, அதில் தண்ணீர் தேங்காமல் அடியில் துளையிட்டால் சரி.

கிணறு

கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் மணலுக்குள் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. உப்புநீர் கனம், நன்னீர் லேசு, அவ்வளவுதான் காரணம். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: நீங்கள் மோட்டர் போட்டு மட்டத்தை அரை அடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 20 அடி ஏறுவதற்கு வழிவிடுகிறீர்கள். பூச்செடிக்கென்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து இறைத்துக் குடிக்கும் கிணற்றை உவராக்கிக்கொண்ட வீடுகள் உண்டு. இறைப்பதானால் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இடையில் ஊற விட்டு இறையுங்கள். ஆவணியில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். ருசி மாறியிருந்தால் அன்றோடு செடிக்குக் கிணற்றுநீரை நிறுத்திவிட வேண்டும்.

வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கு இட்ட உரம் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருப்பதைக் கற்பிட்டியில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மணல் எதையும் பிடித்து வைக்காது. ஆகவே வீட்டுப் பூச்செடிக்கு யூரியா எதற்கு? எருவும் சருகும் போதும்.

தண்ணீரைக் குறைவாகச் செலவழிக்க எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த வழி முட்டி புதைப்பது. சுட்ட, மெருகு பூசாத மண்முட்டியைக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, மேலே சிரட்டை கவிழ்த்து மூடுங்கள். சுற்றி ஒன்றரை அடிக்குள் மூன்று நாலு செடி. தண்ணீர் முட்டியின் உடம்பால் கசிந்து வேருக்குப் போகும். மேல்மணல் காய்ந்தே இருக்கும், களையும் முளைக்காது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் செவ்வரத்தைக்கும் விடலாம். சவர்க்காரத் தண்ணீர் ஒரே இடத்தில் தொடர்ந்து விழாதபடி வாய்க்காலை மாற்றி மாற்றி விடுங்கள், இலைமேல் ஊற்றாதீர்கள்.

ஒரு மண்சட்டியில் குருவிகளுக்குத் தண்ணீர் வையுங்கள், விறாந்தையிலிருந்து தெரியும் இடத்தில், பூனை பதுங்க முடியாத வெளியில். ஆடி வெயிலில் புலுனிக் கூட்டம் வந்து குளிக்கும். மைனா சண்டை பிடிக்கும். நாள்தோறும் சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், நுளம்புக்காக.

எப்போது எதை

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலான வேலையைச் சோளகத்தில் செய்ய முடியாது. மரமும் கதியாலும் ஐப்பசி, கார்த்திகையில் நட வேண்டும்; ஆனி வருமுன் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்க ஏழெட்டு மாதம் அவகாசம் கிடைக்கும். சித்திரை மழையை நம்பி நட்டது பாதி பிழைப்பதில்லை. மட்டைக்குழி புரட்டாசியில் வெட்டி மழைக்குத் திறந்து வைப்பது. சருகு மூடாக்கு மார்கழி, தையில், மண் நனைந்திருக்கும்போதே. காய்ந்த மணலை மூடினால் காய்ந்ததைத்தான் காப்பீர்கள். வேலி அடைப்பும் போகன்வில்லா கழிப்பும் சித்திரையில். சோளகத்துக்குள் மிச்சம் இருப்பது கூட்டுவதும், உப்புக் கழுவுவதும், முட்டி நிரப்புவதும்தான். நாற்று எங்கே கிடைக்கும், எந்த மண்ணுக்கு எது என்ற கேள்விகளை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம்.

விடுதி வைத்திருப்பவர்களுக்கு வெளிச்சம் பற்றி ஒரு சொல். உயரக் கம்பத்தில் வெள்ளை விளக்குப் போட்டால் கூட்டிய மணலின் கோடெல்லாம் மறைந்துவிடும். முழங்கால் உயரத்தில், ஈழத்தலரியின் அடியிலும் படலையிலும், மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று போதும். கடற்கரையைப் பார்த்து எதையும் திருப்பாதீர்கள். முட்டையிட வரும் ஆமை வெளிச்சத்தில் திசை மாறும்.

கடைசியாகக் கால்நடை. வெளியே புல் காய்ந்ததும் கட்டாக்காலி மாடும் ஆடும் பச்சை தெரியும் வளவைத் தேடி வரும். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வீதியில் திரியும் கழுதைகளைச் சொல்லவே வேண்டாம். கிடுகு வேலியை ஆடு தின்னாது, ஆனால் அடியில் பொட்டு இருந்தால் கண்டுபிடித்துவிடும். வேலியடியில் முள்ளுக்கம்பி ஒரு வரி இழுத்துப் பொட்டை அடையுங்கள். படலைக்குக் கயிற்றுக் கொளுக்கி போட்டால் மாட்டுக்குக் காணும், கழுதை மூக்கால் தூக்கிவிடும். இரும்புத் தாழ்ப்பாளாக, வெளிப்பக்கத்திலிருந்து எட்டாத உயரத்தில் போடுங்கள்.